மறியலில் இருக்கிற அண்ணாவுக்கு வைத்தியம் கிடைக்கவில்லை: வழக்குப் போடலாமா?

நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நான் விளங்கிக்கொண்டது இதுதான். சாவகச்சேரிப் பக்கம் வீடு. 46 வயது அண்ணா ஏழு கிழமையாக விளக்கமறியலில் இருக்கிறார். பத்து வருடமாகச் சீனி வருத்தம், இன்சுலின் போடுகிறவர். இடது பாதத்தில் புண். பெரியாஸ்பத்திரி கிளினிக் திகதி இரண்டு தவறிவிட்டது. அம்மா கொண்டுபோன மருந்தை வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நியூ ஜேர்சியில் இருக்கிற மச்சான், "இங்கே கைதிகள் வைத்தியம் தரவில்லை என்று சிறையின் மேலேயே வழக்குப் போடுகிறார்கள், நீங்கள் ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார். அதனால் நாங்களும் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "போட்டால் உள்ளே அண்ணாவுக்குக் கரைச்சல் கூடுமோ என்று அம்மா அழுகிறா" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களை நித்திரை கொள்ளவிடாமல் வைத்திருப்பது அந்த வரிதான் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாண நீதிமன்றங்களில் 24 வருடமாக வேலை செய்யும் சட்டத்தரணி, பெரும்பாலும் குற்றவியல் வழக்குகள். வைத்தியர் இல்லை. உங்கள் அண்ணாவின் வழக்குக் கோவையையும் நான் பார்க்கவில்லை. எந்தச் சிறை என்று நீங்கள் எழுதவில்லை. பொது இடத்தில் அதை எழுதாமல் விட்டது நல்லது, அப்படியே இருக்கட்டும்.

வழக்குப் போடலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் கொழும்பில் போடும் வழக்கு உங்கள் முதல் வேலை இல்லை. அண்ணாவை விளக்கமறியலில் வைக்கச் சொன்னது ஒரு நீதவான். அந்த மறியல் அவருடைய கட்டளையின் கீழ்தான் ஓடுகிறது. ஆகவே உங்கள் சட்டத்தரணி அதே நீதவான் முன் ஒரு நகர்த்தல் பத்திரம், அதாவது எழுத்திலான விண்ணப்பம், போட்டு, சிறை வைத்திய அதிகாரியிடமிருந்து அறிக்கை எடுப்பிக்கவும், அண்ணாவைப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பிப் பரிசோதிக்கவும் கட்டளை கேட்கலாம். அடுத்த தவணை 14 நாளில்தானே என்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, இடையிலேயே போடலாம். கிளினிக் கொப்பியின் பிரதி, கடைசியாக எழுதிய மருந்துத் துண்டு, தவறிய இரண்டு திகதிகள் ஆகிய மூன்றையும் பத்திரத்துடன் இணையுங்கள். என் அனுபவத்தில் நீதவான்மார் இப்படிப்பட்ட விண்ணப்பத்தை இலகுவில் தட்டுவதில்லை. "ஐயா, இவருக்கு வருத்தம்" என்று தவணையில் எழுந்து வாயால் சொல்வது வேறு, கடதாசியில் போடுவது வேறு. வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். கடதாசியில் போட்டால் வழக்கேட்டில் ஒரு பதிவு விழும். பிறகு என்ன நடந்தாலும், "இன்ன திகதியில் நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் இது தெரியும்" என்பதற்கு அந்தப் பதிவுதான் ஆதாரம்.

மருந்து திருப்பிய விடயத்தில் ஒன்றை நேராகச் சொல்லவேண்டும். வாசலில் நிற்கும் காவலர் வெளி மருந்தை வாங்க மறுத்ததை மட்டும் வைத்துப் பெரிய குற்றமாக எழுதாதீர்கள். குளிசைப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இன்சுலினைக் குளிரில் வைக்கவும் வேண்டும். மருந்து போகவேண்டிய வழி சிறை வைத்திய அதிகாரி ஊடாகத்தான். நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி வேறு: வெளி மருந்தை எடுக்க முடியாதென்றால், அதே மருந்தை உள்ளே யார் கொடுக்கிறார்கள், எத்தனை நாள் கொடுத்தார்கள்? அதற்குப் பதில் இல்லாவிட்டால் அதுதான் குறை. சாப்பாட்டு விடயத்தில் உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் இருக்கிறது. தண்டனை விதிக்கப்படாத கைதி வெளியிலிருந்து உணவு பெறுவதற்குச் சிறைச்சாலைகள் கட்டளைச்சட்டம் இடம் கொடுக்கிறது. சீனி வருத்தக்காரருக்கு அது சின்ன விடயம் இல்லை.

இனி வழக்கு. இலங்கையில் நேராகப் பொருந்தும் வழி அடிப்படை உரிமை மீறல் மனு. அரசியலமைப்பின் 17ஆம், 126ஆம் உறுப்புரைகளின்படி அதை உயர் நீதிமன்றத்தில் மட்டும்தான் போடலாம். யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் போட முடியாது. பெயர்கள் கிட்டக்கிட்ட இருப்பதால் பலர் இதில் குழம்புகிறார்கள். எங்கள் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் "சுகாதார உரிமை" என்று தனியாக எதுவும் இல்லை. அதனால் வைத்தியம் மறுத்ததை 11ஆம் உறுப்புரைக்குள், அதாவது சித்திரவதை, குரூரமான, மனிதாபிமானமற்ற, இழிவான நடத்துகை என்பதற்குள் கொண்டுவரவேண்டும். கூடவே சட்டத்தின் சமமான பாதுகாப்பைச் சொல்லும் 12(1) உறுப்புரையையும் சேர்ப்போம். 11ஆம் உறுப்புரைக்கு விதிவிலக்கே கிடையாது. எந்த அவசரகாலத்திலும் அதைக் கட்டுப்படுத்த அரசியலமைப்பு இடம் தரவில்லை. அண்ணா என்ன குற்றம் செய்ததாகச் சொல்கிறார்கள் என்பதும் இதில் கணக்கில்லை. ஒருவர் எவ்வளவு கொடிய குற்றவாளியாக இருந்தாலும் இந்தப் பாதுகாப்பு அவருக்கும் உண்டு என்று உயர் நீதிமன்றம் 1987இலேயே அமல் சுதத் சில்வா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. "களவெடுத்தவனுக்கு என்ன மருந்து" என்று ஊரில் யாராவது கேட்டால் நீங்கள் தலை குனியத் தேவையில்லை.

இவ்வளவும் உறுதி. வெறும் தாமதம், ஒழுங்கில்லாத மருந்து, தவறிய கிளினிக் என்பவை மட்டும் 11ஆம் உறுப்புரையின் அளவை எட்டுமா என்பது உறுதியில்லை. நடத்துகை ஒரு குறிப்பிட்ட கடுமையை எட்டியிருக்கவேண்டும் என்றும், அதை வலுவான சான்றுடன் நிறுவவேண்டும் என்றும் நீதிமன்றம் தொடர்ந்து சொல்லிவருகிறது. புண் முற்றி விரலோ காலோ போனால் வழக்கு வலுக்கும். அந்த வலுவை உங்களுக்கோ எனக்கோ யாருக்கு வேணும்? அதனால்தான் நீதவானிடம் முதலில் போங்கள் என்கிறேன்.

அடுத்தது காலம். நான் கண்ட வழக்குகளில் மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் ஆட்கள் கூட விழுந்தார்கள். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனுப் போடவேண்டும் என்பது 126(2) உறுப்புரை. ஒரே ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் இந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆனால் இதிலும் ஒரு முடிச்சு உண்டு. முறைப்பாட்டுக் கடிதம் கொடுத்ததே போதுமா, ஆணைக்குழு உண்மையில் விசாரணை நடத்திக்கொண்டிருப்பதைக் காட்டவேண்டுமா என்பதில் தீர்ப்புகள் ஒரே திசையில் போகவில்லை. ஆகவே யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கு நேரே போய், கடிதத்தின் பிரதியில் திகதியும் முத்திரையும் போடுவித்து வாங்குங்கள். விசாரணை இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதை நம்பி ஆறு மாதம் சும்மா இருக்கவும் வேண்டாம். போக முடியாவிட்டால் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1996, எந்த நேரமும் எடுக்கலாம். இலங்கை 2017 டிசம்பரில் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறையில் சேர்ந்தது. தடுத்துவைக்கும் இடங்களைப் போய்ப் பார்க்கும் பொறுப்பு இப்போது இந்த ஆணைக்குழுவிடம்தான். 2018இல் 20 சிறைகளுக்குப் போய் அவர்கள் செய்த ஆய்வு 2020இல் வெளியானது. நெரிசல், வைத்தியர் பற்றாக்குறை, வெளி வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகக் காவலர் இல்லாமை எல்லாம் அதில் இருக்கின்றன. உங்கள் அண்ணாவின் இரண்டு கிளினிக் திகதிகளும் பெரும்பாலும் அந்தக் கடைசிக் காரணத்தால்தான் தவறியிருக்கும். ஆனால் இது என் ஊகம். எழுத்தில் கேட்டால்தான் தெரியும்.

பல வருடத்துக்கு முன் என்னிடம் வந்த ஒரு அம்மாவை இன்னும் மறக்க முடியவில்லை. கணவர் கடற்றொழிலாளி, வடக்கில் ஒரு மறியலில் இருந்தார். அவருக்கும் சீனி வருத்தம், அவருக்கும் காலில் புண். அந்த அம்மா பிள்ளைகளின் பழைய பள்ளிக் கொப்பி ஒன்றில் எல்லாம் எழுதி வைத்திருந்தா. எந்த நாள் பார்க்கப் போனா, அவர் எப்படி நடந்து வந்தார், மருந்து கிடைத்ததா என்று கேட்டதற்கு என்ன சொன்னார், வாசலில் யாரிடம் கதைத்தா என்று ஒவ்வொன்றும் திகதியோடு. நான் பார்த்த சான்றுகளில் அவ்வளவு சுத்தமான சான்று குறைவு. ஆனால் அவரது பெருவிரலை எடுத்து நாற்பது நாளுக்குப் பிறகுதான் என்னிடம் வந்தா. ஆணைக்குழுவுக்கும் போகவில்லை. "அவர் வெளியில் வரட்டும், பிறகு பார்ப்பம் என்று இருந்தனான்" என்றா. மறியலுக்குள் இருப்பவருக்குக் காலக்கெடுவில் நீதிமன்றம் சில வேளை தளர்வு காட்டியிருக்கிறது, மீறல் தொடர்கிறது என்றும் வாதாடலாம். இரண்டையும் வாதாடினோம். மனுவை விசாரணைக்கு எடுக்க நீதிமன்றம் அனுமதி தரவில்லை. அந்தக் கொப்பி இன்னும் என் அலுமாரிக்குள் இருக்கிறது.

ஆகவே நீங்களும் இன்றே ஒரு கொப்பி போடுங்கள். அம்மா போகும் ஒவ்வொரு நாளும் எழுதட்டும். அதோடு எழுத்தில் கேட்பதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எந்தத் திகதியில் என்ன மருந்து கொடுக்கப்பட்டது, கிளினிக்குக்கு ஏன் கொண்டுபோகவில்லை என்று சிறையிடம் கேட்கலாம். ஒருவரின் உயிரோடும் தனிமனிதச் சுதந்திரத்தோடும் தொடர்பான கோரிக்கைக்கு 48 மணித்தியாலத்துக்குள் பதில் தரவேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. விண்ணப்பத்தின் தலைப்பிலேயே அதைச் சுட்டிக்காட்டுங்கள். ஆனால் ஒருவரின் வைத்தியப் பதிவுகளை அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கொடுக்க மாட்டார்கள். அடுத்த முறை சட்டத்தரணி அண்ணாவைப் பார்க்கும்போது ஒரு சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி வரச் சொல்லுங்கள். இதை மறந்துபோய் இரண்டு கிழமையை வீணாக்கியவர்கள் பலர்.

மனுப் போடும் கட்டம் வந்தால் யாரை எதிர்மனுதாரர் ஆக்குவது என்பதிலும் கவனம் வேண்டும். சிறைக்குள் இருக்கும் வைத்தியர் சுகாதார அமைச்சின் கீழ் வருபவர், கூட்டிப்போகும் காவலர் சிறைச்சாலைத் திணைக்களத்தின் கீழ் வருபவர். ஒரு பக்கத்தை மட்டும் போட்டால் அவர்கள் மற்றப் பக்கத்தைக் கை காட்டிவிடுவார்கள். சட்டமா அதிபரோடு இரண்டு பக்கத்தையும் சேர்க்கவேண்டும். செலவுக்குக் காசில்லை என்று எழுதியிருந்தீர்கள். 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் இருக்கிறது, முதலில் அங்கே போங்கள். வசதி இல்லாத ஒருவர் எழுதும் கடிதத்தையே மனுவாக ஏற்கவும் உயர் நீதிமன்ற விதிகளில் இடம் உண்டு. ஆனால் அதை நம்பி இருப்பதைவிடச் சட்டத்தரணி ஊடாகப் போவது நல்லது. நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக வழக்குப் போடவும் முடியும். அதற்கு இரண்டு வருடக் கெடு, ஒரு மாத முன்னறிவித்தலும் கொடுக்கவேண்டும். அது நீண்டுகொண்டு போகும், இப்போதைக்கு அதைப் பற்றி யோசிக்கவேண்டாம்.

பிணை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வருத்தத்தைக் காட்டிப் பிணை கேட்கலாம். சாதாரணக் குற்றச்சாட்டு என்றால் 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் கீழ் பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விலக்கு. குற்றச்சாட்டு விசேடக் காரணம் காட்டினால்தான் பிணை என்ற வகையைச் சேர்ந்தது என்றால், வருத்தம் இருக்கிறது என்று சொல்வது மட்டும் போதாது. சிறைக்குள் வைத்து அந்த வருத்தத்துக்கு வைத்தியம் செய்ய முடியாது என்று வைத்திய அறிக்கை காட்டவேண்டும். நீதவானிடம் கேட்டு எடுக்கும் அறிக்கை இதற்கும் உதவும்.

இனி மச்சானுக்கு. அவர் சொல்வது பொய் இல்லை, ஆனால் பாதிதான். அமெரிக்காவில் 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் மாநில அதிகாரிகள் மேல் கைதிகள் வழக்குப் போடுகிறார்கள். அங்கே அடிப்படைத் தீர்ப்பு 1976இல் வந்த எஸ்டெல் எதிர் கேம்பிள். டெக்சாஸ் சிறையில் வேலை செய்த ஒருவர் மேல் பஞ்சுப் பொதி விழுந்து முதுகு அடிபட்டது. அவர் தன் கையாலேயே மனு எழுதினார். கைதியின் கடுமையான வைத்தியத் தேவையைத் தெரிந்துகொண்டே புறக்கணிப்பது கொடிய தண்டனைக்குச் சமம் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்று உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் வரி அது. ஆனால் வைத்தியர் மேல் அந்த மனிதர் வைத்த முறைப்பாடு அங்கே நிற்கவில்லை. மூன்று மாதத்தில் 17 தரம் அவரை வைத்தியப் பணியாளர்கள் பார்த்திருந்தார்கள். வைத்தியத்தில் பிழை இருந்தால் அது கவனக்குறைவு, அரசியலமைப்பு மீறல் ஆகாது என்று நீதிமன்றம் பிரித்துவிட்டது. சட்டம் வென்றது, அவர் வெல்லவில்லை. 1996இல் வந்த இன்னொரு சட்டம், முதலில் சிறைக்குள் இருக்கும் முறைப்பாட்டு வழிகள் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் நீதிமன்றம் வரலாம் என்று ஆக்கிவிட்டது. அதில் ஒரு படி தவறியே தள்ளுபடியாகும் வழக்குகள் அங்கே உண்டு. பெரிய வெற்றியும் இருக்கிறது. வைத்தியம் போதாமல் கைதிகள் இறந்துகொண்டிருந்ததற்கு நெரிசல்தான் மூலகாரணம் என்று ஏற்று, கலிபோர்னியாவின் சிறைகளில் ஆட்தொகையைக் கொள்ளளவின் 137.5 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்ன கட்டளையை 2011இல் அதே நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த வழக்குகள் அந்தத் தீர்ப்புவரை வர எடுத்தவை பல வருடங்கள். உங்கள் அண்ணாவின் கால் அவ்வளவு காலம் பொறுக்காது.

அந்தத் தீர்ப்புகள் எங்கள் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, வாதத்துக்கு உதவும். அவற்றைவிட நான் கூடப் பாவிப்பது 2015இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள். வெளியில் இருக்கும் மக்களுக்குக் கிடைக்கும் அதே தரமான வைத்தியம் கைதிக்கும் கிடைக்கவேண்டும் என்பது 24ஆம் விதி. வைத்தியர் எடுத்த வைத்திய முடிவை வைத்தியர் அல்லாத சிறை அதிகாரி மாற்றவோ புறக்கணிக்கவோ கூடாது என்பது 27ஆம் விதி. கிளினிக் திகதி வைத்தியர் எழுதிய முடிவு. காவலர் இல்லை என்பதால் அது தவறினால், அந்த 27ஆம் விதியைத்தான் பத்திரத்தில் எழுதுவேன்.

கடைசியாக அம்மாவின் பயம். அது வீண் பயம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். 2012இல் வவுனியாச் சிறையில் கைதிகள் தாக்கப்பட்டதையும், அங்கிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்க் கைதி ஒருவர் ராகம வைத்தியசாலையில் இறந்ததையும், அவருடைய பெற்றோரின் மனுவை உயர் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்காமல் விட்டதையும் மறந்தவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை. அந்த நினைவோடுதான் ஒவ்வொரு தாயும் மறியல் வாசலில் நிற்கிறா. ஒருவர் இறந்தால் அவருடைய குடும்பம் வழக்குப் போடலாம் என்று சிரியானி சில்வா வழக்கில் நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. ஆனால் அந்த உரிமை உங்களுக்கு ஒருநாளும் தேவைப்படக் கூடாது. நான் பார்த்த அளவில், வருத்தம் பற்றி அமைதியாக, ஒரு காவலரின் பெயரும் சொல்லாமல், அறிக்கையும் பரிசோதனையும் மட்டும் கேட்டுப் போட்ட பத்திரத்தால் உள்ளே யாருக்கும் அடி விழுந்ததில்லை. நீதிமன்றம் கேட்கிறது என்று தெரிந்த பிறகு அந்தக் கைதியை ஒழுங்காகக் கூட்டிப்போனதைத்தான் கூடக் கண்டிருக்கிறேன். பெயர் சொல்லிக் குற்றம் சாட்டும்போது ஆபத்து கூடும். அந்தக் கட்டத்துக்குப் போகமுன் அண்ணாவிடம் தனியாகக் கேளுங்கள், பார்வையாளர் கம்பிக்கு முன்னால் வைத்துக் கேட்கவேண்டாம், சட்டத்தரணி ஊடாகக் கேளுங்கள். உள்ளே இருப்பது அவர், முடிவும் அவருடையதாக இருக்கவேண்டும். அவர் வேண்டாம் என்றால் மனுவை நிறுத்தலாம். ஆனால் நீதவானுக்குப் போடும் வைத்தியப் பத்திரத்தை நிறுத்தவேண்டாம்.

புண்ணைப் பற்றி நான் சொல்லக்கூடியது வைத்திய நண்பர்கள் எனக்குச் சொன்னது மட்டும்தான். பாதம் கறுத்தாலோ, மணத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அது மணித்தியாலக் கணக்கு. அப்படி ஒன்றை அடுத்த முறை பார்க்கும்போது கண்டால் தவணையைப் பார்க்காதீர்கள். அங்கேயே சிறை அத்தியட்சகரைச் சந்திக்கவேண்டும் என்று கேளுங்கள், ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு எடுங்கள், அன்றைக்கே சட்டத்தரணியை நீதவானிடம் அனுப்புங்கள். கிளினிக் கொப்பியின் பிரதி அம்மாவின் கைப்பைக்குள் எப்போதும் இருக்கட்டும்.